கடிதத்தில் மட்டும் வந்த டயாலிசிஸ் பிரிவு

அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், அரசியலுக்கு வருமுன் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர். மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துவிட்டவருக்கு அரசாங்கத்தின் அச்செழுத்து எம்மாத்திரம் என்று ஊரார் நம்பினார்கள். அவரும் ஓரளவு அப்படித்தான் நம்பினார். சங்கடம் அந்த நம்பிக்கையில்தான் தொடங்கியது.

ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியதும், தொகுதியின் ஏழாயிரம் வீடுகளுக்கும் ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் அனுப்புவது அவர் வழக்கம். அந்தக் கடிதத்தில் கோடிகளும் இலட்சங்களும் தலைகாட்டா. "சைபரைப் பார்த்ததும் ஜனங்க கடிதத்தை மடிச்சு மிளகாய்ப்பொடி கட்டிடறாங்க" என்பார். ஆகவே, என்ன வருகிறது, எங்கே வருகிறது, வரவுசெலவுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பவற்றை மட்டுமே எழுதுவார். ஐயமுள்ளவர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பக்க எண் இல்லாத செய்தி எதுவும் அவர் கடிதத்தில் ஏறியதில்லை.

இவ்வாண்டுக் கடிதத்தில் நான்கு செய்திகள் இருந்தன. கொசு ஒழிப்புக்குக் கூடுதல் ஆட்கள், பள்ளிகளில் கண் பரிசோதனை, பழைய குடிநீர்க் குழாய்களை மாற்றுதல் ஆகிய மூன்றும் போக, நான்காவது இது: "நமது நகர மருத்துவமனைக்குப் புதிய டயாலிசிஸ் பிரிவு வரவுசெலவுத் திட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. பக்கம் 214."

கடிதம் திங்கட்கிழமை வீடுகளைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை, செருப்புக்கடைக்கு மேலே இருந்த உறுப்பினரின் இரண்டு அறை அலுவலகத்துக்குப் பூட்டுக்காரர் படியேறி வந்தார். கடைத்தெருவில் பூட்டுப் பழுது பார்த்துச் சாவி வெட்டிக் கொடுப்பவர் அவர். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டும். இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால், பெரிய நகரத்து மருத்துவமனையில்தான் அந்த வசதி இருந்தது. அதன் அருகில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மனைவியை அங்கே தங்கவைத்துவிட்டு, இவர் கடைக்கும் நகரத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

"மெம்பரம்மா, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றார் நாற்காலியில் உட்காராமலே. "நான் பேப்பர்ல வர்றதை நம்ப மாட்டேன். ஆனா நீங்க பக்க நம்பர் போட்டிருந்தீங்களே! நேரா லைப்ரரிக்குப் போய்ப் பார்த்துட்டேன். இருக்கு! அன்னிக்கே அங்க ரூம் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவுக்கு போன் பண்ணி ரூமைக் காலி பண்றோம்னு சொல்லிட்டேன். புது ஆள் நாளைக்குக் காலைல அட்வான்ஸ் குடுத்துச் சாவி வாங்கறாராம். நேத்துப் போய் இவளோட சாமானையும் மூட்டை கட்டிட்டேன். மெஷின் எந்தத் தேதிக்கும்மா வருது?"

உறுப்பினர் தம் கடிதத்தின் நகலை எடுத்து நான்காம் செய்தியை மறுபடி படித்தார். மருந்துக்கடை நாட்களில், கொடுத்தனுப்பிய மருந்தின் அளவு சரிதானா என்று ஆள் போன பிறகு தோன்றும்போது இப்படித்தான் பதிவேட்டை மறுபடி புரட்டுவார்.

"கேட்டுச் சொல்றேன் அண்ணா. நீங்க கடைக்குப் போங்க. நானே வர்றேன்."

அவர் போனதும் நிதித்துறை அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தார். மறுமுனையில் இருந்தவர் நிதானமான மனிதர்.

"பக்கம் 214-ஆ? இருங்கம்மா... ஆமா, இருக்கு. பக்கத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கில்ல? அது ஆயிரம் ரூபாய்க் கணக்குல. பக்கத்தோட தலைமாட்டுல சின்ன எழுத்துல இருக்கும், பாருங்க."

"மொத்தமே ஆயிரமா? மெஷினோட ஒயர் கூட வராதே சார்!"

"வராதும்மா. இது பஸ் சீட்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. புத்தகத்துல தலைப்புன்னு ஒண்ணு இருந்தாத்தான் பின்னாடி பணம் கேக்க முடியும். துண்டு போட்டாச்சு, ஆள் இன்னும் ஏறல."

"எப்ப ஏறுவார்?"

"இந்த வருஷமே ஏறலாம். அடுத்த வருஷமும் ஏறலாம். ஏறாமலே பஸ் கிளம்பினதும் உண்டு."

உறுப்பினர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். தலைப்பு இருந்தது, ஊரின் பெயர் இருந்தது, ஓரத்தில் அந்த ஒற்றை 'ஒன்று' இருந்தது. தொகை எழுதுவதில்லை என்று வைத்திருந்ததால், தொகையைப் படிப்பதும் விட்டுப்போயிருந்தது.

அடுத்த மேசையிலிருந்து 'சிவப்புப் பேனா' தலை நிமிர்ந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்று, உறுப்பினரின் கடிதங்களை ஒழுங்கு செய்துவந்தவர். திருமண அழைப்பிதழ் வந்தாலும் திருத்திவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்துவார்; அந்தப் பெயர் அதனால் வந்தது.

"பதறாதீங்கம்மா. நாம என்ன எழுதினோம்? 'இடம் பெற்றிருக்கிறது'ன்னு. இடம் பெற்றிருக்கா? பெற்றிருக்கு. இதுல பொய் எங்க வந்தது? ஆறு மாசத்துல துணை பட்ஜெட் வரும், பணம் கேட்டுக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருக்கறது உத்தமம்." பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "ஒரு மரங்கொத்தி கதை இருக்கு. காடு முழுக்கச் சுத்தி நல்ல மரமாப் பார்த்து, ஒரே ஒரு கொத்து கொத்தி அடையாளம் வச்சுட்டுப் போச்சாம். ஒரு மழைக்காலம் கழிச்சு வந்து பொந்தைக் குடைஞ்சு முடிச்சுதாம். அது பொய் சொல்லிச்சுன்னு காட்டுல யாராவது சொன்னாங்களா?"

"அந்த ஒரு கொத்தைப் பார்த்துட்டு, தன்னோட பழைய பொந்தைக் காலி பண்ணிச்சே ஒரு அணில், அது மழைக்காலத்துல என்ன ஆச்சு சார்?"

"கதையில அணில் கிடையாதும்மா."

"நம்ம தொகுதியில இருக்கு" என்று சொல்லிவிட்டு உறுப்பினர் செருப்பை மாட்டினார்.

பூட்டுக்கடை, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுடையது. சுவர் முழுவதும் வெட்டாத சாவிகள் தொங்கின. உறுப்பினர் சுற்றி வளைக்காமல் சொன்னார். புத்தகத்தில் இருப்பது வெறும் துண்டு போட்ட இடம்தான் என்று அதிகாரி சொன்னதையும், தொகையைப் பார்க்கத் தாம் தவறியதையும், இயந்திரம் எப்போது வரும் என்று தமக்குத் தெரியாததையும், அறையை விடக்கூடாது என்பதையும் சொல்லி முடித்தார்.

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சாவி தேய வேண்டிய அளவுக்கு மேல் தேய்ந்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டார்.

"அந்த ஏரியாவுல கீழ்த்தளத்துல ரூம் கிடைக்க எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சும்மா. அவளால மாடி ஏற முடியாது. டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா நிக்கவே முடியாது. இந்த பஸ்ல வாரத்துக்கு மூணு தடவை போக வர..."

"வாங்க, போலாம். பன்னிரண்டே கால் பஸ் இருக்கு."

"நீங்களுமா?"

"தப்பு என்னோடது. நீங்க தனியாப் போய் நின்னா அந்த வீட்டுக்காரம்மா உங்களைத்தான் திட்டுவாங்க."

இருவரும் பன்னிரண்டே கால் வண்டியில் ஏறினார்கள். நடத்துநர் உறுப்பினரை அடையாளம் கண்டு, "என்னம்மா, கார் ரிப்பேரா?" என்று கேட்டார். "கார் நல்லாத்தான் இருக்கு. ஓட்டற மகன் வெளியூர் போயிட்டான்" என்றார் அவர்.

வீட்டுக்காரம்மாள் வாசலிலேயே அவர்களை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பூட்டுக்காரரிடம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நாலு நாள் முன்னாடிதான் போன்ல குதிச்சே. ரூம் என்ன ஊஞ்சலா, ஏறி இறங்கி விளையாட? அந்தப் பையன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"அவர் மேல தப்பில்லக்கா" என்றார் உறுப்பினர். "நான் எழுதினதை நம்பினார். நானும் ஏழாயிரம் வீட்டுக்கு வாக்குக் குடுத்தவதான். அதைத் திருப்பி வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்."

"மெம்பர்னு சொல்றீங்க. மிரட்ட மாட்டீங்களா?"

"இது என் தொகுதி இல்லக்கா. இருந்தாலும் மிரட்ட மாட்டேன். அந்தத் தம்பிக்கு வேற வழியே இல்லைன்னா ரூம் அவருக்குத்தான். நான் வேற இடம் தேடறேன். ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கறேனே."

வீட்டுக்காரம்மாள் சற்று நேரம் அவரை அளந்து பார்த்தார். "நான் பேச மாட்டேன். வாக்குக் குடுத்த வாயால மாத்திப் பேச எனக்கு வராது. நீங்களே பேசிக்கோங்க" என்று எண்ணை அழுத்திக் கைப்பேசியை நீட்டினார்.

புதிதாக வரவிருந்தவர், மாற்றலாகி வந்த வங்கி எழுத்தர்; தனி ஆள். உறுப்பினர் தாம் யார் என்பதையும், தம் கடிதத்தில் இருந்த பிழையையும், அதனால் ஒரு நோயாளிக்கு அறை போகவிருப்பதையும் சொன்னார்.

"மேடம், நான் உங்க தொகுதியே இல்ல. உங்க கடிதம் எனக்கு வரவே இல்ல. நீங்க தப்பா எழுதினதுக்கு ரூம் போறது எனக்கா?"

"ஆமா தம்பி. நியாயம் இல்லதான். அதனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன்."

"எங்க ஊர் மெம்பர் ஜெயிச்ச பிறகு ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசற மெம்பர் வந்து ரூமைப் புடுங்கறீங்க!" என்று அலுத்துக்கொண்டார் எழுத்தர். பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "சரி விடுங்க. லாட்ஜ்ல இன்னும் ஒரு மாசம் ஓட்டறேன். பேஷண்ட்டை வெளிய அனுப்பிட்டு நான் அங்க எப்படிப் படுத்துத் தூங்கறது?"

உறுப்பினர் அவருக்கு நன்றி சொன்னார். வீட்டுக்காரம்மாள் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "அந்தப் பையனுக்கு மாடியில ஒரு ரூம் ஒழிச்சுத் தர முடியுமான்னு பார்க்கறேன்" என்று தமக்குத்தாமே சொல்வதுபோல் சொல்லி உள்ளே போனார்.

அறையில் பூட்டுக்காரரின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாக எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. துண்டு போட்ட கதையை மட்டும் கணவர் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"பட்ஜெட்ல துண்டு விழும்னு கேள்விப்பட்டிருக்கேன். துண்டு போடவும் செய்வாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு உறுப்பினரைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. "வீட்டுக்குப் போறோம்னு நாலு நாளா நிம்மதியாத் தூங்கினேன் மெம்பரம்மா. அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன்."

அறையின் நடுவே மூன்று மூட்டைகள் இருந்தன. நாளை டயாலிசிஸ் நாள். தலையணையும் போர்வையும் அவற்றுள் ஏதோ ஒன்றில் இருந்தன. உறுப்பினர் தரையில் உட்கார்ந்து முதல் மூட்டையின் முடிச்சைப் பிடித்தார்.

"அது அவர் நேத்து வந்து போட்ட முடிச்சு. பூட்டுக்காரர் முடிச்சு, லேசுல திறக்காது" என்றார் மனைவி.

அப்போது உறுப்பினரின் கைப்பேசி ஒலித்தது. இரு கைகளும் கயிற்றில் இருந்தன. பூட்டுக்காரரின் மனைவி குனிந்து கைப்பேசியை எடுத்து அவர் காதோடு பிடித்தார். பேசியவர் சிவப்புப் பேனா.

"அச்சகத்துல ஆள் காத்துக்கிட்டிருக்காரும்மா. நீங்க கிளம்பிப் போன வேகத்தைப் பார்த்துட்டு, திருத்தக் கடிதம் ஒண்ணு தயார் பண்ணிட்டேன். படிக்கறேன், கேளுங்க: 'சென்ற கடிதத்தின் நான்காம் செய்தியில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது...'"

"அதுவா நேர்ந்துடலை சார். 'நான் தவறாக எழுதினேன்'னு போடுங்க."

"கொஞ்சம் நாசூக்கா இருக்கட்டுமேன்னு..."

"வேண்டாம். டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னும் பணம் ஒதுக்கலை, எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, அதை நம்பி யாரும் இப்ப இருக்கற ஏற்பாட்டை மாத்த வேண்டாம். இவ்வளவும் முதல் பத்தியிலயே வரணும். நம்ம தொகுதியில டயாலிசிஸுக்காக வெளியூர் போறவங்க எல்லாரும் பேரைக் குடுக்கச் சொல்லி ரெண்டாவது பத்தி. அந்தப் பேரை எடுத்துக்கிட்டு நான் நிதித்துறைக்குப் போறேன்."

மறுமுனையில் பேனா கீறும் ஓசை கேட்டது. "எழுதிட்டேம்மா" என்றார் அவர். "திருத்த ஒண்ணும் இல்ல."

"முதல் பேரா என் பேரைப் போடச் சொல்லுங்க" என்றார் கைப்பேசியைப் பிடித்திருந்தவர். கை வலித்ததோ என்னவோ, அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். முடிச்சு ஒருவழியாக நெகிழ்ந்தது. உறுப்பினர் தலையணையை உருவி எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டு, இரண்டாவது மூட்டையைத் தம் பக்கம் இழுத்தார்.