மேலாளர் பக்கத்து வைப்பர்

காரின் வைப்பர் பிளேடைப் பராமரிக்கும் மனிதனால் உலகத்துக்கு இதுவரை எந்த நன்மையும் விளைந்ததில்லை. இது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆராய்ந்தவன் கல்லூரியில் படிக்கும் ஒரு மைத்துனன். ஆராயப்பட்டவர் அவனுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர்.

அத்தான் ஞாயிறுதோறும் ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு வைப்பரின் ரப்பர் விளிம்பை முனையிலிருந்து முனைவரை துடைப்பார். துணியில் ஒட்டிய கறுப்பை, கைக்குழந்தையின் வயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் உற்றுப் பார்ப்பார். வெயிலில் வண்டியை நிறுத்தினால் இரண்டு வைப்பரையும் கண்ணாடியைவிட்டுத் தூக்கி நிறுத்துவார். கார் போலீசிடம் கைதூக்கிச் சரணடைந்ததுபோல் நிற்கும். புது பிளேடு வாங்கப் போனால் ஓட்டுபவர் பக்கத்துக்கு நீளம், அடுத்த பக்கத்துக்குக் குட்டை என்று பழையதோடு வைத்து அளந்து, ரப்பரை வளைத்து வளைத்துப் பார்ப்பார். "சார், நீங்க பொண்ணு பாக்க வரல, பிளேடு வாங்க வந்திருக்கீங்க" என்று கடைக்காரரே சொல்லியிருக்கிறார். கழற்றும்போதோ கண்ணாடிமேல் ஒரு துண்டை நாலாக மடித்து விரித்துவிட்டுத்தான் கை வைப்பார்.

"கண்ணாடிக்குத் தலகாணியா? அப்படியே ஒரு தாலாட்டும் பாடிருங்க அத்தான்" என்று மைத்துனன் சொன்னபோது வீடே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.

மைத்துனன் முதல்முதலாகக் காரை ஓட்டிய அன்று அவர் காத்திருந்தது வந்தது. திருப்பத்தில் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து அவன் வைப்பரைப் போட்டுவிட்டான். கண்ணாடி முழுக்கக் காய்ந்த மணல் தூசி. பதற்றத்தில் அணைக்கத் தெரியாமல் வேகத்தையும் கூட்டினான். ஓட்டுபவர் முகத்துக்கு நேராக வில்போல் ஒரு கீறல் விழுந்தது. அன்று முதல் அவன் பெயர் வைப்பர்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான், "உக்காருங்க, தண்ணி குடிங்க. அதுக்கு முன்னாடி மச்சான் போட்ட கையெழுத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்று வாசலுக்கு அழைத்துப் போவார். மைத்துனனின் நண்பர்களையும் அழைத்துப் போனார். மறுநாள் கல்லூரியில், அதுவரை அவன் ஒருவன் இருப்பதே தெரியாத பெண்கூட அவனைப் பார்த்து ஒரு விரலை இடமும் வலமும் ஆட்டினாள்.

மைத்துனன் முடிவு செய்தான். இந்தப் பெயர் தொலைய வேண்டும். தொலைய வேண்டுமானால் அத்தானுக்கு இதைவிடப் பெரிய பெயராக ஒன்று வர வேண்டும்.

சந்தர்ப்பம் மழையோடு வந்தது. அத்தானின் மேலாளர் ஊருக்குப் போகிறார்; அவரை ரயிலுக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பை அத்தான் கேட்டு வாங்கியிருந்தார். போகிற வழியில் பதவி உயர்வுபற்றி நைசாகப் பேச்செடுப்பதாகத் திட்டம். அதற்காகவே புது பிளேடுகள் மாட்டியாகிவிட்டது. மேலாளர் எப்போதும் முன் இருக்கையில்தான் உட்காருவார்.

கழற்றிய பழைய பிளேடுகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. ரப்பர் வெடித்து, உதடு பிளந்து தொங்கியது. அதில் ஒன்றை மேலாளர் பக்கம் மட்டும் மாட்டிவிட்டால் போதும். வழிநெடுக அவர் காதருகே கீச்சு கீச்சென்று கத்தும்; அவர் கண்ணுக்கு நேராகத் தண்ணீரைப் பட்டையாக இழுத்துவிடும். வைப்பருக்குப் பெயர்போன மனிதரின் மானம் மேலாளர் மடியிலேயே கப்பலேறும். ஓட்டுபவர் பக்கத்தை மைத்துனன் தொடுவதாக இல்லை. பழிவாங்குவதிலும் பாதுகாப்பு வேண்டும். அக்காவுக்கு இருப்பது ஒரே கணவர்.

மழை சற்று ஓய்ந்திருந்தது. அத்தான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி, கொக்கியருகே இருந்த சின்னப் பிடியை அழுத்தி, புது பிளேடை உருவித் தரையில் போட்டான். இப்போது வெறும் இரும்புக் கை மட்டும் ஸ்பிரிங் விறைப்போடு நின்றது. கக்கத்தில் இடுக்கியிருந்த பழைய பிளேடை எடுக்கத் திரும்பினான். முழங்கை இடித்தது.

டப்!

இரும்பு நுனி விழுந்த இடத்தில் ஒரு விரிசல் கிளம்பி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போக வேண்டிய இடம் தெரிந்ததுபோல் கண்ணாடியின் மறு ஓரம்வரை நடந்து போனது.

அத்தான் பாதி தேய்த்த சட்டையோடு ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்த்தார். தரையில் கிடந்த புதியதைப் பார்த்தார். மைத்துனன் கையிலிருந்த பழையதைப் பார்த்தார்.

"என்ன மாப்ள பண்ற?"

"சும்மா... சர்வீஸ் அத்தான்."

"புதுசக் கழட்டிட்டுப் பழசப் போடுற சர்வீஸா? அதுவும் மேனேஜர் உக்கார்ற பக்கம்?"

"என்னங்க சத்தம்?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. உன் தம்பி எனக்குப் புரமோஷன் வாங்கிக் குடுத்துட்டிருக்கான்."

பிறகு அத்தான் கைப்பேசியை எடுத்தார். மைத்துனன் நகரப் பார்த்தான். "நில்லு" என்று சைகை வந்தது.

"சார், நம்ம வண்டி வராது சார். வாடகை வண்டி சொல்லிடறேன், நானும் கூடவே வர்றேன். முன் கண்ணாடி போச்சு சார். மச்சான்தான்..." கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா சார். அதே வைப்பர்தான்."

மறுமுனையில் எழுந்த சிரிப்பு மைத்துனனுக்கும் கேட்டது. அவன் பெயர் அவனுக்கு முன்பே அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தது.

அத்தான் ரயில் நிலையத்திலிருந்து விசில் அடித்துக்கொண்டே திரும்பினார். "வழி பூரா சிரிச்சாருடி. கதைய ரெண்டாவது தடவையும் சொல்லச் சொன்னாரு. எறங்கும்போது அவராவே என் வேலையப் பத்திப் பேசுனாருன்னா பாத்துக்கயேன்" என்றார் அக்காவிடம். மைத்துனன் தட்டைத் தள்ளிவைத்தான். எதிரியைக் குழியில் தள்ளப் போய், ஏணி பிடித்துக் கொடுத்திருந்தான்.

ஆனாலும் புதுக் கண்ணாடி மாட்டி வந்த அன்று அவனுக்குள் ஒரு குரூர சந்தோஷம் எழுந்தது. பழைய கண்ணாடியோடு கீறலும் போய்விட்டது. இனி விருந்தாளிக்குக் காட்ட ஒன்றுமில்லை.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான். "அத்தான், அதான் கீறலே இல்லையே. இனிமேலாவது அந்தப் பேர விட்டுருங்களேன்."

"நியாயம் மாப்ள" என்றார் அத்தான், கனிவோடு. "இன்னைலேருந்து இவன யாரும் வைப்பர்னு கூப்பிடக் கூடாது."

"பின்ன எப்படிக் கூப்பிடறதாம்?" என்றாள் அக்கா.

"கண்ணாடி."

அக்காவுக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டே, "டேய் கண்ணாடி, அந்தத் தண்ணிய எடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் புதுக் கண்ணாடிக்கென்று வாங்கிய பிளேடு ஜோடியை அவன் கையில் திணித்தார். "நீயே மாட்டு. எப்படி மாட்டுவியோ எனக்குத் தெரியாது. நான் பாக்கக்கூட மாட்டேன்." சொன்னபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மைத்துனன் வைப்பர் கையைத் தூக்கினான். அடுத்த பழியை டயரில் ஆரம்பிக்கலாமா, பேட்டரியில் ஆரம்பிக்கலாமா என்று யோசித்தபடி பிடியை அழுத்தப் போனவன் நின்றான். துண்டு உள்ளே இருக்கிறது. உள்ளே போனால் கேட்க வேண்டும். கேட்டால் ஆயுளுக்கும் தீர்ந்தது.

தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை நாலாக மடித்துக் கண்ணாடிமேல் விரித்தான். ஒரு மடிப்பு சரியாக விழவில்லை. அதையும் நீவிவிட்டான்.