மூன்று நாள் பூஜ்யம்

மூன்றாவது நாளும் பலகையில் பூஜ்யம் எழுதினார்கள். ஒரு பீஸ்கூடப் பழுதென்று ஒதுக்கப்படாத நாளில் லைனுக்குக் கேசரி போடுவது வல்லம் வடகாலில் இருந்த அந்தக் கம்பெனியின் வழக்கம். திங்கள் கேசரி, செவ்வாய் கேசரி, புதனும் கேசரி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முத்துச்செல்விதான் கேட்டாள், அதுவும் பேச்சுவாக்கில். சோதனை மேசையில் இன்று சிவப்பு விளக்கே எரியவில்லையா என்று கேண்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த சரோஜாவிடம் விசாரித்தாள்.

"எரிஞ்சிதே. காலைலருந்து நாலஞ்சு தபா எரிஞ்சிது."

"எடுத்து வச்சியளா அக்கா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்? சீட்டு வந்தா பேக்கிங்ல எடுப்பாங்க. போன மாசம் நானா ஒண்ண எடுத்து வச்சதுக்கு மெமோ குடுத்தாங்க இல்ல? அதுலருந்து லைட்டு எரிஞ்சா நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

முத்துச்செல்வி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அங்கே செய்வது காரின் பிரேக் சிலிண்டர். காற்றை அடைத்துக் கசிவு பார்ப்பது சரோஜாவின் மேசை. மேசையின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வரி எழுதும்: எண், அழுத்தம், முதல் சோதனை, இறுதிச் சோதனை. முதலில் ஃபெயிலாகி மறுபடி பார்க்கும்போது தேறுவது நிறைய உண்டு. இறுதியிலும் தேறாவிட்டால்தான் சிவப்பு விளக்கு எரியும். அதனால் வரியின் கடைசிச் சொல் ஃபெயில் என்று இருந்தால் மட்டும் அந்த எண்ணுக்குச் சீட்டு அடிக்கும்படி சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடியது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த எட்டு மாதத்தில் முத்துச்செல்வி எழுதியது அது. மூன்று மாதமாகப் பிசகாமல் ஓடியது.

மணி ஒன்று ஐம்பது. லாரி இரண்டரைக்குக் கிளம்பும்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் பலராமன் உள்ளூர்க்காரர். விளக்கு எரிந்தும் சீட்டு வரவில்லை என்று அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். லாரி தாமதமானால் கார் கம்பெனியில் லைன் நிற்கும். நிற்கும் நிமிடங்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"எத்தினி பீஸு, எந்த நம்பரு? எட்நூறு பொட்டியையும் பிரிக்க சொல்றியா? லிஸ்ட்டோட வா. நானே வண்டி முன்னால படுக்கிறேன்."

அவள் சர்வர் முன் உட்கார்ந்தாள். மேசையிலிருந்து வந்த கோப்பைத் திறந்தாள். விளக்கு எரிந்த ஒரு பீஸின் வரியில், கடைசியில் ஃபெயில் என்றுதான் இருந்தது. ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. அதே வரியை இன்னொரு கோப்பில் தன் கையால் அடித்து ஓட்டினாள். உடனே பிடித்தது. இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாக வைத்து எழுத்தெழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தாள். வித்தியாசம் இல்லை.

இரண்டு ஐந்து. அவசரத்தில், 'கடைசியில்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டாள். ஃபெயில் எங்கே இருந்தாலும் எடு. நூற்று முப்பத்தொன்று வந்தது. மறுசோதனையில் தேறியவையும் அதில் சேர்ந்துகொண்டன. போனில் பலராமனுக்குச் சொன்னபோது, விளையாடுகிறாயா என்று கேட்டார். பின்னால் யாரோ தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லும் குரல் கேட்டது.

கண்ணை நம்பிப் பயனில்லை என்று பட்டது. கம்ப்யூட்டரையே எழுத்துகளை எண்ணச் சொன்னாள். அவள் அடித்த வரி நாற்பத்திரண்டு. மேசையின் வரி நாற்பத்து மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மேசையின் கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். பழையது லினக்ஸ், சர்வரைப் போல. புதியது விண்டோஸ். லினக்ஸ் வரி முடிந்ததென்று ஒரு குறி வைக்கும். விண்டோஸ் இரண்டு வைக்கும். இரண்டுமே திரையில் தெரியாது. சர்வர் ஒன்றை வரியின் முடிவு என்று கொண்டது, மற்றதை வரியைச் சேர்ந்த எழுத்து என்று கொண்டது. ஆகவே மூன்று நாளாக எந்த வரியும் ஃபெயிலில் முடியவில்லை.

அந்தக் குறியை நீக்க ஒரு வரி எழுதினாள். நிபந்தனையைத் திரும்ப வைத்தாள். ஐந்து எண்கள் வந்தன.

இரண்டு இருபத்தாறுக்கு அவள் கேட்டை அடைந்தபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. பலராமன் தாளை வாங்கிப் படித்தார். டிரைவரிடம் சாவியை எடுக்கச் சொன்னார். அவர் படுக்கவில்லை. ஆனால் பெட்டிகளை இறக்கும்போது முதல் பெட்டிக்குத் தானே கை கொடுத்தார். ஐந்தும் மூன்று மணிக்குள் கிடைத்தன.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்களும் செவ்வாயும் இருக்கு சார்" என்று முத்துச்செல்வி இன்னொரு தாளை நீட்டினாள். எட்டு எண்கள். அந்த லாரிகள் போய்விட்டன.

பலராமன் தாளை உடனே வாங்கவில்லை. இதை வேறு யார் பார்த்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள்.

"அவங்களும் மாட்டறதுக்கு முன்னால ஒருவாட்டி பாப்பாங்க."

"கசிவு பாக்க மாட்டாவ சார். நாம பாத்திருப்போம்னு நம்பித்தான் மாட்டுதாவ."

அவர் லாரியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கார் கம்பெனியின் தரப்பிரிவைக் கூப்பிட்டார். தன் பெயரைச் சொன்னார், தவறு தங்களுடையது என்றார், நம்பர் சொல்வார்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்று போனை அவளிடம் கொடுத்தார்.

அவள் படித்தாள். முதல் மூன்றும் இன்னும் ஸ்டோரில் இருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் மாட்டிய கார்கள் யார்டில் நின்றன. ஆறாவதற்கு அந்தப் பக்கம் நேரமாயிற்று. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கார ட்ரெய்லர்ல ஏத்திட்டாங்க. லைன்லயே இருங்க, கேட்டுக்குப் பேசறேன்."

பலராமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது எண்ணின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் இன்னொருவரிடம் சத்தமாக ஏதோ சொன்னார். ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"பிடிச்சாச்சு" என்றது குரல். "ஏழாவது சொல்லுங்க."

அவள் விரலைக் கீழே நகர்த்தினாள்.