இரண்டாவது தட்டு

என் மனைவியின் கல்லீரல் கைவிட்டுவிட்டது. அவள் தம்பி தன்னுடையதில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தான். ஆனால் அவன் ஈரலில் கொழுப்பு. "ஆறு கிலோ குறைச்சுட்டு வரட்டும், அப்புறம்தான் ஆபரேஷன் தேதி" என்றார் டாக்டர்.

ஞாயிறுதோறும் அவனை எடை மெஷினில் ஏற்றி நோட்டில் எழுதினேன். முதல் நாலு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. அடுத்த நாலில் நான்கு ஏறியது.

"மெஷின் பொய் சொல்லுது மாமா."

"அதுக்கும் உனக்கும் என்னடா வாய்க்கா வரப்புத் தகராறு?"

அவன் தையல்காரன். உட்கார்ந்தே வேலை. மதியச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். அக்காவுக்குக் கால் வீங்கி, கண் மஞ்சளாகி, பல் தேய்த்தாலே ரத்தம் வருகிறது. இவனால் வாயைக் கட்ட முடியவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க, செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே மறைந்து நின்றேன். நான் சொன்ன அளவுதான் சாப்பிட்டான். கை கழுவினான். அவள் தட்டை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எப்படா வந்த? உக்காரு, பசியோட இருப்ப."

இன்னொரு தட்டு வந்தது, குவியலாக. ஈரம் காயாத கையால் மறுபடியும் சாப்பிட்டான்.

உள்ளே போய் அவனை வாசலுக்கு இழுத்து வந்து கேட்டேன். "எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. மொத நாள் 'இப்பதானேக்கா சாப்பிட்டேன்'னேன். எனக்குப் புத்தி பெசகிடுச்சாடான்னு அழுதா. அப்புறம் நான் சொல்லல."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க அதையும் நோட்டுல எழுதுவீங்க."

எழுதித்தான் இருந்தது, முதல் பக்கத்திலேயே. ஈரல் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் கழிவு மூளைக்கு ஏறும், மறதி வரும், வந்தால் உடனே சொல்லுங்கள், மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அழகாக எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பக்கத்திலேயே படுப்பவளிடம் அதைப் பார்க்கத் தெரியவில்லை. வாரம் தவறாமல் இவனை மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "என்னங்க, தம்பியை இன்னும் காணோமே? சாப்பாடு ஆறுது."

அவன் மறுபடி சாப்பிட உள்ளே திரும்பினான். தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவன் சாப்பிட்டுட்டாம்மா. ரெண்டு தரம்."

வாசற்படிக்கு வந்தவள் தன் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மாமா சொன்னீங்க" என்றான் பல்லைக் கடித்து.

"சொல்லாம இருந்துதான்டா ஒரு மாசம் போச்சு" என்றபடி டாக்டர் நம்பரைத் தேடினேன்.