யாரோ கொடுத்த தோல்

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பாஸிலா படத்தில் காட்டிய வெள்ளைத் தகடு, முத்துப்பேச்சிக்கு இளநீர் வழுக்கையைப் போலத் தெரிந்தது. புற்று வந்த இடது மார்பை எடுத்துவிட்டு, அங்கே சிலிக்கோன் பையை வைத்து, அது சரிந்துவிடாமல் இந்தத் தகட்டால் தாங்கிப் பிடிப்பார்களாம்.

"இது என்ன டாக்டர், துணியா?"

"மனுசத் தோல்ம்மா. இறந்த பிறகு தானமாக் குடுத்தது. உயிரணுவையெல்லாம் கழுவி எடுத்துருவாங்க. போகப்போக உங்க ரத்தக்குழாயே அதுக்குள்ள ஓடும். சில பேருக்குச் சீழ் வைக்கலாம். தொட்டா உணர்ச்சியும் பழைய மாதிரி இருக்காது. எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க."

கூட இருந்த புருஷன் சோலைமுத்து எழுந்து வெளியே போய்விட்டான். வராந்தாவில் காத்திருந்த அவன் அக்கா மணிமேகலை விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவன் பின்னால் வந்த முத்துப்பேச்சியிடம் கொதித்தாள்.

"பேரன் எடுக்கப்போற வயசுல இது எதுக்குடி? பொணத்துத் தோலோட வீட்டுக்குள்ள வருவியா?"

"நோய எடுத்தாப் போதும்ல," என்றான் சோலைமுத்து, தரையைப் பார்த்தபடி.

"ஒங்க எல்லாருக்காகவும் உசுரு பொழச்சுக்கிறேன். இது எனக்கு," என்றாள் முத்துப்பேச்சி.

கல்யாணம், கிணறு வெட்டு, மகனின் படிப்பு என்று எதற்கும் அவளை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய், "செஞ்சிருங்க டாக்டர்" என்றாள்.

சுலபமாக ஒன்றும் முடியவில்லை. விலாவில் குழாயோடு கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் கண்டு மறுபடி படுக்கை. "நான் சொன்னேன்ல" என்று மணிமேகலை ஊரெல்லாம் சொன்னாள். புண் ஆறி, கண்ணாடி முன் நின்றபோது வடு கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய ரவிக்கை இரண்டு பக்கமும் நிறைந்தது. அவள் ஊக்குகளை நிதானமாகப் போட்டாள்.

மறுநாள் விடியலில் தங்கள் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கினாள். வரப்பில் மணிமேகலை நின்றிருந்தாள்.

"சாமிக்குப் போற பூவுடி. அந்த ஒடம்போட தொடாத."

பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. முத்துப்பேச்சி நிறுத்தவில்லை.

"யாருன்னே தெரியாத ஒரு சீவன் சாகையில எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கு மதினி. உசுரோட இருக்குற நீங்க என்ன குடுத்தீக? இந்தப் பூ ஆகாதுன்னா சாமியே வந்து சொல்லட்டும்."

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பூ ஏற்றும் வேன் ரோட்டில் ஹாரன் அடித்தது. இடது கை இன்னும் முழுசாக உயரவில்லை. தோளில் சுருக்கென்றது. பறித்த மொட்டுகளைச் சாக்கில் கொட்டி வாயைக் கட்டினாள். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த சோலைமுத்து, மண்வெட்டியைப் பிடித்தபடி அக்காவையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"வண்டி நிக்காது. வாங்க, ஒரு பக்கம் பிடிங்க," என்றாள் அவனிடம்.

அவன் கையிலிருந்து சேற்றுநீர் சொட்டியது. அவள் வலது கையால் சாக்கின் ஒரு முனையைத் தூக்கி நின்றாள். மறுமுனை ஈரமண்ணில் கிடந்தது. ஹாரன் மறுபடியும் அடித்தது.