மாக்கிரட் வீட்டுக் கோடரிப் பிடி

என் கணவர் பூபாலசிங்கத்தின் இங்கிலீசைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் மொன்றியலில் இல்லை. திருகோணமலைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய புத்தகங்களில் படித்த இங்கிலீசு. இவருடைய கூட்டாளி பேரின்பநாதன் முகத்துக்கு நேரேயே சொல்லுவான்: "அண்ணை, உங்கட இங்கிலீசு செத்துப்போன வெள்ளைக்காரருக்குத்தான் விளங்கும்." இவர் கோபிக்கமாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தாறாம் ஆண்டு. அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு எங்களை ஏற்க ஆளில்லாமல் அலைந்தபோது, மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் தனியாக இருந்த மாக்கிரட் என்ற வெள்ளைக்கார அம்மா தன் வீட்டு பேஸ்மென்டைத் தந்தார். பதிலுக்கு இவர் விறகு கொத்தவேண்டும், நான் வீட்டு வேலை பார்க்கவேண்டும். கோடரி மாக்கிரட்டின் செத்துப்போன கணவருடையது. பிடியும் அவர் கையால் செதுக்கியது. அதைத் தரும்போது மாக்கிரட்டுக்கு விட மனமில்லை என்பது தெரிந்தது.

மார்கழியில் பிடி ஆடத் தொடங்கியது. ஊரில் மண்வெட்டிப் பிடி ஆடினால் இரவு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் ஊதி, விடிய இறுகிவிடும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகப் பேனை பிடித்த இந்த மனிசனுக்குக்கூட அது தெரியும். கிணற்றடியில் வைப்பதுபோல வாளியை வாசலுக்கு வெளியே வைத்தார். தண்ணீர் ஊற்றியது நான். இது கனடா என்பது இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை.

விடியப் பார்த்தால் வாளிக்குள் ஒரே ஐஸ்கட்டி, நடுவில் கோடரி. இவர் பிடியை ஆட்டி இழுக்க, அது கழுத்தோடு முறிந்தது.

கடையில் ஒன்று வாங்கிப் பூட்டிவிடுங்கள், அந்த அம்மாவுக்குத் தெரியவராது என்றேன்.

"செத்த மனிசன்ர பொருள். நான் போய்ச் சொல்லப்போறன்."

"வெளியில போகச் சொன்னால்?"

"போவம்."

குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் பனியில் எங்கே போவது? எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் இப்படியொரு மனிசனைக் கட்டினேனே என்று பெருமையாகவும் இருந்தது.

கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டி, முறிந்த பிடியோடு மேலே போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, உங்கள் கணவருடைய கோடரியின் 'ஹெல்வ்' முறிந்துவிட்டது, பிழை என்னுடையது என்று சொன்னார். ஹாண்டில் என்றால் போதாதா? கதவுக்குத்தான் ஹாண்டில், கோடரிக்கு ஹெல்வ் என்பது இவருடைய கட்சி.

மாக்கிரட் முறிந்த பிடியைப் பார்க்கவேயில்லை, இவர் முகத்தையே பார்த்தார். அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இவர் சொன்னார். இந்த வீட்டில் அப்படிச் சொன்னவர் தன் கணவர் ஒருவர்தான், அவர் போனபிறகு இன்றைக்குத்தான் அதைக் கேட்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குள் போனார்.

திரும்பி வந்தபோது கையில் இன்னும் இரும்பு ஏறாத புதுப் பிடி ஒன்று இருந்தது. கணவர் கடைசியாகச் செதுக்கியதாம். இவர் வாங்கமாட்டேன் என்றார். மாக்கிரட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடியை இவருக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தார். செத்துப்போன கணவர் ஆறடிக்கு மேலாம், இவர் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். உனக்கு இது நீளம், அறுத்துக்கொள் என்று, கராஜுக்குள்ளிருந்து கொண்டுவந்த மரம் அறுக்கும் வாளை இவர் கையில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எங்களை யாரும் வெளியில் போகச் சொல்லப்போவதில்லை.

பேரின்பநாதன் சொன்னது சரிதான். செத்துப்போன வெள்ளைக்காரருக்கு இவருடைய இங்கிலீசு நன்றாகத்தான் விளங்கியிருக்கிறது.