அரை நிமிடம் பின்னால்

மௌலி குருக்கள் இறந்த அன்று காலை அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி முதல் போனை வெளிநாட்டில் இருக்கும் மகள் ஹைமவதிக்குச் செய்தாள். அடுத்த போன் வினோதினிக்கு.

"மயானத்துக்கு நான் போக முடியாது வினோ. ஆத்துலேர்ந்து பாக்கறாப்பல ஏதாவது பண்ணிக் குடு. சுந்தரேஷ்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டான்."

வினோதினியும் அவள் கணவன் புகழேந்தியும் தேரடித் தெருவில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் யூடியூபில் நேரலையாகப் போடுவது இப்போது அவர்களுடைய முக்கிய வேலை. கார்த்திகை தீபத்தன்று அவர்கள் சேனலுக்கு வர்ணனை சொல்வது மௌலி குருக்கள்.

அவர் வர்ணனை சொல்ல ஆரம்பித்தது வானொலியில். ஹைமவதி சின்னப் பெண்ணாக இருந்தபோது, தீபத்தன்று அப்பா வீட்டில் இருக்கமாட்டார், அவர் குரல் மட்டும் டிரான்சிஸ்டரில் இருக்கும். அவள் அதற்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவாள். பிறகு டிவி வந்தது, அதற்குப் பின் கேபிள்காரர்களின் லோக்கல் சேனல். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினார்.

ஹைமவதி சென்னையில் உடன் வேலை பார்த்த பிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. "இனி இந்த வாசப்படி ஏறாதே" என்று அப்பா சொன்னதுதான் அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது. அண்ணன் சுந்தரேஷ் அப்பாவைவிடக் கடுமையாக இருந்தான். தங்கை விஷயம் தெரிந்ததும் அவனுக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தம் முறிந்துபோனது. அதன் பிறகு எதுவும் அமையவில்லை. நாற்பது தாண்டிவிட்டான். அவள் பெயரை அவன் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஹைமவதி வெளிநாடு போன முதல் சில வருஷங்கள், தீபத்தன்று அகிலாண்டேஸ்வரி டிவி பக்கத்தில் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அந்தப் பக்கம் மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். நேரலை வந்தபின் அந்தக் கஷ்டமும் இல்லை. அப்பாவின் குரல் எங்கே இருந்தாலும் கேட்டது.

போன கார்த்திகைக்குக் குருக்களுக்கு இருமல் அதிகமாக இருந்தது. வர்ணனைக்கு நடுவே இரண்டு முறை நிறுத்தினார். கணினியில் பார்வையாளர்களின் கமெண்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்த வினோதினியின் கண்ணில் ஒன்று பட்டது. "அவருக்குக் கொஞ்சம் வெந்நீர் குடுங்க." எழுதியவர் பெயர் ஹைமா.

வினோதினி பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி நீட்டினாள்.

"யாரு சொன்னா?" என்று மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"லைவ் பாக்கறவங்க ஒருத்தங்க எழுதியிருக்காங்க."

"பேரு?"

வினோதினி திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் அதைப் பார்த்தார். வெந்நீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு மைக்கில், எந்தத் தேசத்திலிருந்து பார்க்கிற குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இப்போது அவர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் சுந்தரேஷ் அம்மாவிடம், "இந்த லைவ் வேற யாருக்காவது போறதா?" என்று கேட்டான்.

"எனக்குதாண்டா" என்றாள் அவள்.

புகழேந்தி ஈசான்ய மயானத்துக்குப் போனை எடுத்துப் போனான். வினோதினி குருக்கள் வீட்டிலேயே அகிலாண்டேஸ்வரி மாமிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்று திரை காட்டியது. மாமியின் போன் ஒன்று. இன்னொன்று யார் என்று வினோதினி கேட்கவில்லை.

அடுக்கிய கட்டைமேல் உடல் வைக்கப்பட்டது. வாய்க்கரிசி போட்டார்கள். புகழேந்தி மரியாதைக்காகச் சற்றுத் தள்ளியே நின்றிருந்தான். வரட்டி அடுக்க ஆரம்பித்தபோது திரையில் ஒரு வரி வந்தது.

"அம்மா, மூடறதுக்கு முன்னாடி முகத்தைக் கிட்டக்க காட்டச் சொல்லு. சரியாத் தெரியல."

மாமி வினோதினியைப் பார்த்தாள். நேரலை என்று பெயரே தவிர, மயானத்தில் நடப்பது வீட்டுக்கு வர அரை நிமிடமாவது ஆகும். இங்கே இன்னும் தெரிகிற முகம் அங்கே இந்நேரம் மூடியிருக்கலாம். வினோதினி புகழேந்தியின் இன்னொரு போனுக்குக் கூப்பிட்டாள்.

"மூடிட்டாங்களா?"

"மூடப் போறாங்க."

"நிறுத்தச் சொல்லு. பாக்கணுமாம்."

அவன் சொல்வது போனில் கேட்டது. "சாமி, ஒரு நிமிஷம். வீட்ல பாக்கணுமாம்."

"யாருக்குப் பாக்கணும்?" என்றான் சுந்தரேஷ். "அம்மாவுக்கா, அவளுக்கா?"

"பாக்கணுமாம் சாமி" என்று மட்டும் மறுபடி சொன்னான் புகழேந்தி. சுந்தரேஷின் குரல், "கிட்ட வந்து எடுத்துக்கோங்கோ" என்றது.

அரை நிமிடத்துக்குப் பின் முகம் வந்தது, திரை நிறைய. மாமி தன் போன் திரையில் விரலால் கன்னத்தைத் தொட்டாள். தொட்டதும் படம் நின்றுபோய் நடுவில் ஒரு குறி தோன்றியது. வினோதினி அவசரமாக அதைத் தட்டி ஓடவிட்டாள். அடுத்து வரட்டி வைக்கிற கை தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஹைமவதியிடமிருந்து ஒரே சொல் வந்தது. "பாத்தேன்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போறும்" என்றாள்.

குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்த சுந்தரேஷ் நேராக வினோதினியிடம் வந்தான். "அதை அழிச்சுடுங்கோ. மயானத்துல எடுத்தது இருக்கப்படாது." அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழித்தாள்.

சில நாள் கழித்து ஹைமவதி ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாள்.

"வினோ, அந்த வீடியோவ எனக்கு அனுப்புவியா?"

"எதுக்குக்கா? நீங்கதான் பாத்தீங்களே."

"பாக்கல. கிட்டக்க வந்த நேரத்துல இங்க படம் நின்னு போச்சு. வட்டம் சுத்திண்டே இருந்தது. திரும்பி வரச்சே வரட்டி வச்சாச்சு. இன்னொரு தடவை கேக்க முடியுமா? பாத்தேன்னு போட்டுட்டேன்."

வினோதினி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அழிச்சிட்டேன்க்கா. உங்க அண்ணன் சொன்னாரு."

"புகழேந்தி போன்ல இருக்குமா?"

"இல்லக்கா. அது நேரா போயிடும், போன்ல தங்காது."

வினோதினி, "வைக்காதீங்க, லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, போனோடு வண்டியை எடுத்துக்கொண்டு குருக்கள் வீட்டுக்குப் போனாள்.

சுந்தரேஷ் தாடியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"நான் ஸ்க்ரீன்ல பாத்ததோட சரி சாமி. பக்கத்துல நின்னது நீங்க. நீங்க சொன்னாதான் சரியா இருக்கும்."

"வேண்டாம்" என்றான்.

மாமி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். மகள் பார்க்கவில்லை என்பது அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது. வினோதினி போனை நீட்டிய கையை இறக்கவில்லை.

அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"நான்தான்" என்றான். "அப்பா முகம் வீங்கியெல்லாம் இல்லை. இளைச்சுதான் இருந்தார். நீ போனதுக்கப்புறம் ரொம்ப இளைச்சுட்டார். விபூதி நான்தான் இட்டேன். வலது கண்ணு கொஞ்சம் திறந்திருந்தது. ரெண்டு தடவை மூடிப் பாத்தேன். மூடல. அப்படியே விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது வினோதினிக்கே கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வேற என்ன சொல்றது. தாடைல வெள்ளையா முள்ளு முள்ளா இருந்தது. அந்த வாரம் ஷேவ் பண்ணிக்கல." நிறுத்தினான். "அவ்வளவுதான்."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். துவைக்கிற கல்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பாத்தேன்னு ஏண்டி சொன்ன?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் மறுபடியும் அதையே கேட்டாள்.