ஏழாவது சிவப்புத் துணி

பார்த்தவர்களுக்கெல்லாம் ஈரக்குலை நடுங்கியது என்று ஊரே பேசிய பேய்ப்படம். அரைமணி நேரம் ஆகியும் சாரம் கட்டுகிறவருக்கு உடம்பில் ஒரு ரோமம்கூட எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு கதவு கிரீச்சென்று திறக்கிறது, மூடுகிறது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும்.

இடது பக்கம் மனைவி, அவர் கையில் நகம் பதியப் பிடித்திருந்தாள். வலது பக்கம் அவள் தம்பி. டிக்கெட் எடுத்தவன் அவன்தான்.

"இனிமேதான் இருக்கு மாமா. மெதுவாத்தான் ஏறும்னு எல்லாப் பத்திரிகையிலயும் எழுதியிருக்கான்."

"நான் இப்படி ஏறினா மேஸ்திரி வேலையை விட்டே இறக்கிடுவான்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் மனைவி. "பயப்பட வந்த இடத்துல பேச்சு."

கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டார். வந்தது சிவப்புத் துணிக் கிழிசல். காலையில் வேலைக்குப் போட்ட அதே கால்சட்டை.

சாரத்தின் குழாய்களைக் கோர்க்கும்போது, அவற்றைப் பிணைக்கும் கிளாம்பைக் கையால் மாட்டி, அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைப்பார். ஸ்பானரால் இறுக்கிய பிறகுதான் அவிழ்ப்பார். துணி இல்லையென்றால் நம்பி ஏறலாம். இருபது வருஷமாக அந்தத் துணி பொய் சொன்னதில்லை.

இருட்டில் விரலால் எண்ணினார். ஏழு. ஆறு கிளாம்பை இறுக்கியது கைக்கு நினைவிருந்தது. ஏழாவது, மூன்றாம் தட்டின் மூலை. துணி நட்டை மறைத்துத் தொங்கியதால் முதலில் அதை அவிழ்த்தார். அப்போது போன். "ரெண்டு மணிக்குப் படம், குளிச்சிட்டு வாங்க," என்றாள் மனைவி. பேசிக்கொண்டே இறங்கினார். அதற்குமேல் எதுவும் நினைவில்லை.

மத்தியானம் அங்கே பூச்சு வேலை. 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வாங்கிய நெட்டையன் எப்போதும் மூலையை நோக்கித்தான் பூசிக்கொண்டு போவான். போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. சாந்துக் கையோடு எவன் எடுப்பான்? மேஸ்திரியும் எடுக்கவில்லை.

அவர் எழுந்ததும் திரையில் ஏதோ பாய்ந்தது. அரங்கமே அலறியது. அவர் பார்க்கவில்லை.

"எங்க போறீங்க?"

"வந்துடறேன்."

"பயந்துட்டார் பாருக்கா," என்று மச்சான் சிரித்தது முதுகில் கேட்டது.

ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிஷம். கட்டட வாசலிலிருந்தே தெரிந்தது, மூன்றாம் தட்டில் வாளியோடு ஒட்டடைக்குச்சி. மூலைக்கு இன்னும் ரெண்டு பலகைதான். தொண்டை வரை வந்த குரலை விழுங்கினார். உயரத்தில் நிற்பவனைக் கத்திக் கூப்பிடக் கூடாது. திரும்புகிறவன் கால் எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது. கருவிப் பெட்டியிலிருந்து பாதுகாப்பு பெல்ட்டையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் மேலே பலகை கிரீச்சிட்டது.

"தம்பி," என்றார், டீ குடிக்கக் கூப்பிடுகிற குரலில். "இங்க வா. மெதுவா."

"என்னண்ணே, படத்துக்குப் போகல?"

"வான்னா வா."

அவன் வந்து சேர்ந்தான். பிறகு பக்கத்துக் குழாயில் பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டு மூலைக்கு எட்டினார். நட்டு விரலுக்கே சுற்றியது.

ஒட்டடைக்குச்சி அதைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். அவர் இறுக்கி முடித்தார்.

"படம் பயங்கரமாமே அண்ணே?" என்றான் கடைசியில்.

"ஒரு கதவுடா. அவ்வளவுதான்."

போன் அடித்தது. மனைவி. "நீங்க பயந்து ஓடிட்டீங்கன்னு இவன் சிரிக்கிறான். நிஜமாவா?"

"நிஜந்தான்," என்றார். "வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பையிலிருந்த துணிகளை எடுத்தார். ஒன்றைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, காலையில் இறுக்கிய மற்ற ஆறு கிளாம்பிலும் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார்.

"அதெல்லாம் இறுக்கினதுதானே அண்ணே?"

"தெரியல," என்றார். "நீ கீழ இறங்கு."